தலைகீழாக நிற்கத் தெரிந்தவர் எல்லாம் யோகா ஆசிரியர் அல்லர்

சென்ற மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து ஓர் அம்மா என்னிடம் வந்தார். இளைப்பாறிய ஆசிரியை, வயது அறுபதை நெருங்குகிறது. வலது கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் விறைத்திருந்தன. கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து முழங்கை வரை நோ இழுத்தது. அண்மையில் தொடங்கிய ஒரு யோகா வகுப்பில் மூன்றாம் நாளே அவரைச் சர்வாங்காசனத்தில், அதாவது தோளில் பாரத்தைத் தாங்கிக் காலை மேலே நிமிர்த்தும் நிலையில், நிறுத்தியிருக்கிறார்கள். அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்வு நெடுங்காலமாக இருக்கிறது. கிளினிக் கொப்பி கைப்பையிலேயே இருந்திருக்கிறது. "கேட்டிருந்தால் காட்டியிருப்பேன், பிள்ளை. யாரும் கேட்கவில்லையே" என்றார்.

நான் இயன்மருத்துவர், பல ஆண்டுகளாக யோகாவும், வயிறு முதுகுத் தசைகளை வலுவாக்கும் பிலாட்டிஸ் பயிற்சியும் கற்பிக்கிறேன். இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன். 2015 முதல் ஜூன் 21இல் யோகா தினம் கொண்டாடப்படுகிறது. நல்ல விடயம்தான். ஆனால் அந்த நாள் முடிந்த கையோடு ஊரில் புதிய வகுப்புகள் முளைக்கின்றன, அடுத்த சில மாதங்களில் நாரி நோவும் கழுத்து நோவுமாக ஆட்கள் என்னிடம் வருகிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு இன்னும் நிறைய ஆசிரியர்கள் வேண்டும் என்று விரும்புகிறவள் நான். அதனால்தான் கோபம் வருகிறது.

"எனக்கு எல்லா ஆசனமும் வரும், இனிப் படிப்பிக்கலாம்தானே?" என்று இளையவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இல்லை. ஆசனம் வருவது ஒரு திறமை, கற்பிப்பது முற்றிலும் வேறொரு திறமை. சிறு வயதிலிருந்து பரதம் ஆடி, அரைமண்டியில் நின்று பழகிய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டி இருந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் முதல் நாளே அவளுடைய நெற்றி முழங்காலைத் தொட்டுவிடும். உடல் மறுத்தால் எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியாது, தெரிந்திருக்க வாய்ப்பும் இல்லை. அவள் முன்னால் இருப்பவரோ இருபது வருடம் வங்கிக் கதிரையில் இருந்தவர். அவருடைய பின்தொடைத் தசைகள் இறுகிப்போய், இடுப்பெலும்பை முன்னால் சாய விடாது. அதனால் அவர் இடுப்பு மூட்டில் மடியமாட்டார், நாரியில்தான் வளைவார். பாரம் முழுவதும் முள்ளந்தண்டின் இடைத்தட்டுகளில் இறங்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே குனிதல்தான். இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கண் உங்களிடம் இருக்கிறதா? அதுதான் ஆசிரியருக்கான தகுதி. கண் இல்லாத ஆசிரியர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று முதுகில் கை வைத்து அழுத்துவார். குனிந்திருப்பவரின் முதுகை அழுத்தாதீர்கள், ஒருபோதும் வேண்டாம். ஒரு போர்வையை மடித்து அவரை அதன்மேல் இருத்துங்கள், முழங்காலைச் சற்று மடிக்க விடுங்கள். அவருடைய ஆசனம் அதுதான், குறை ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு மூட்டின் குழியும் தொடையெலும்பின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எத்தனை வருடம் பயின்றாலும் சிலருக்குப் பத்மாசனம் வராது. எலும்பு எலும்பில் முட்டும்போது முயற்சி என்ன செய்யும்? பிடிவாதமாக மடக்கினால் முழங்கால்தான் திரும்பிக்கொடுக்கும். உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழியும். "உங்கள் பயிற்சி போதாது" என்று அவரிடம் சொல்லும் ஆசிரியர் உடலைப் படித்ததே இல்லை என்பேன்.

சான்றிதழைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. யோகா ஆசிரியருக்கான 200 மணித்தியாலப் பயிற்சி உலகெங்கும் அறியப்பட்ட தொடக்க அளவு. அது தொடக்கம் மட்டுமே. அதையும் சூம் வழியாகவே முடித்து, ஒரு மனிதரையேனும் நேரில் பார்த்துத் திருத்தாமல் வகுப்புத் தொடங்குகிறார்கள். பிலாட்டிஸ் இன்னும் திறந்த வெளி. ஜோசப் பிலாட்டிஸ் 1883இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் தடுத்துவைக்கப்பட்டிருந்த காலத்தில் உடனிருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பின்னர் நியூயோர்க்கில், வந்தவரின் உடலைப் பார்த்து அதற்கேற்பப் பயிற்சி கொடுத்தார். அந்தப் பெயர் எவரும் பயன்படுத்தக்கூடிய பொதுப்பெயர் என்று 2000ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பலகையில் பிலாட்டிஸ் என்று எழுத எந்தத் தடையும் இல்லை. தடுக்க வேண்டியது எழுதுகிறவரின் மனச்சாட்சி.

முதல் நாள் பாய் விரிக்கும் முன் கேளுங்கள். பிரஷர் இருக்கிறதா, மருந்தில் கட்டுப்படுகிறதா? கண்ணில் அழுத்தம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறாரா? சிரசாசனத்தில் கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. குளுக்கோமா உள்ளவரைத் தலைகீழாக நிறுத்தாதீர்கள். சலரோகம் (நீரிழிவு) எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கண்ணையோ நரம்புகளையோ பாதித்திருக்கிறதா, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேளுங்கள். எலும்பின் அடர்த்தி குறைந்த பெண்களை ஆழமாகக் குனிய வைக்காதீர்கள். பிலாட்டிஸில் தலையைத் தூக்கிச் செய்யும் வயிற்றுப் பயிற்சிகளும் அவர்களுக்குப் பொருந்தா. கர்ப்பிணிக்கு, வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சை வெளிவிடும் கபாலபாதி வேண்டாம். பிள்ளை பெற்றவருக்கு வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வயிற்றுப் பயிற்சி. கேட்டதை எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை, தயவுசெய்து தவிர்க்காதீர்கள்.

இவ்வளவும் சொல்லியும் இந்த வேலைக்கு வாருங்கள் என்றுதான் அழைப்பேன். இதைப்போல் நிறைவு தரும் வேலை எனக்கு வேறொன்றும் தெரியாது. சலரோகத்தோடு வரும் தோள் இறுக்கத்தால் மாதக்கணக்கில் தன் கொண்டையைத் தானே முடிய முடியாதிருந்த ஓர் அக்கா, ஒரு காலை வகுப்புக்குத் தானே முடிந்துகொண்டு வந்தார். எதுவும் சொல்லாமல் திரும்பி நின்று காட்டினார். நிலத்தில் இருந்தால் எழும்ப ஒருவரின் கை வேண்டியிருந்த ஐயா, இப்போது கோயிலில் சம்மணமிட்டு இருந்து திருமுறை கேட்டுவிட்டுத் தானாகவே எழும்புகிறார். சொற்களிலும் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. "தோளை இறக்குங்கள்" என்று பத்து முறை சொல்லியும் இறங்காத தோள், "காதிலிருந்து தோளைத் தூரமாக்குங்கள்" என்றதும் இறங்கிவிடும். சரியான சொல்லைத் தேடித் தேடிக் கற்பிப்பவருக்கே அந்தக் கணத்தின் அருமை தெரியும்.

வர விரும்புகிறவர்கள் அனுபவமுள்ள ஒருவரின் வகுப்பில் பின்வரிசையில் இருந்து, ஆசனம் செய்யாமல், மற்றவர்களின் உடலை மட்டும் பாருங்கள். ஆறு மாதமாவது பாருங்கள். தசையையும் மூட்டையும் ஒழுங்காகப் படியுங்கள். முதலில் உங்கள் வீட்டு அம்மம்மாவுக்குக் கதிரையில் இருத்திக் கற்பியுங்கள்; அவருக்குக் கற்பிக்க முடிந்தால் யாருக்கும் கற்பிக்கலாம்.

வகுப்பில் ஒருவருக்குக் கையோ காலோ விறைத்தால், நோ கீழே ஓடினால், உடனே நிறுத்துங்கள். எண்ணெய் போட்டு உருவாதீர்கள். சுளுக்கு என்று இழுக்காதீர்கள். நாரி நோவோடு இரண்டு காலும் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாவிட்டாலோ, இருக்கும்போது கதிரையில் படும் பின்பகுதியில் உணர்ச்சி மங்கினாலோ அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள். மற்ற நோவுகளுக்கு அன்று மாலையே தொலைபேசி எடுத்து எப்படி இருக்கிறார் என்று விசாரியுங்கள். குறையவில்லை என்றால், அடுத்த வகுப்புக்கு வரச் சொல்லாமல் வைத்தியரிடம் அனுப்புங்கள்.