ஹாரர்: சொல் விளக்கம்

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தான். என்ன படம் என்று அவன் அம்மா கேட்டார். ஹாரர் என்றான். "பேய்ப்படமா?" "பேயே கிடையாதும்மா."

அவன் சொன்னது சரி. ஹாரர் என்றால் பேய் இல்லை. 'ஹொர்ரேரே' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. மயிர் குத்திட்டு நிற்பது, உடல் நடுங்குவது என்று பொருள். நம்முடைய மயிர்க்கூச்செறிதல் அதேதான். பேய் திரையில் இருப்பது; ஹாரர் பார்ப்பவரின் தோலில் நடப்பது. பேய்ப்படம் என்று பெயர்த்தால் சொல்லின் பாதி விட்டுப்போகிறது.

கையில் காசில்லாதவர்கள் இந்த வகையைத் தேடி வருவதற்குக் காரணமும் இதுதான் என்று நினைக்கிறேன். தோல் சிலிர்க்கப் பெரிய நட்சத்திரம் தேவையில்லை. 1968-இல் வெளிவந்த தன் முதல் படத்தை அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோ கறுப்பு வெள்ளையில் எடுத்தபோது, ரத்தத்துக்குச் சாக்லேட் பாகையே ஊற்றினார்கள். இன்னோர் அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி, 1981-இல் வெளிவந்த தன் முதல் பெரிய படத்துக்கு, நீளப் பலகையில் கேமராவைப் பொருத்தி, இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் ஓடச் செய்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று பாய்ந்து வருவதுபோல் இருக்கும். இல்லாமையிலிருந்து பிறந்த அந்த யுக்திகள் எனக்கு இன்றும் வியப்பு.

நம் தம்பி 1990-களில் பெங்களூரைக் கலக்கிய கதையை எடுத்துக்கொண்டான். இரவில் ஏதோ ஒன்று, தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும்; திறந்தால் போச்சு. அதனால் வீட்டுக் கதவுகளில் கன்னடத்தில் 'நாளெ பா', அதாவது நாளை வா, என்று எழுதி வைத்தார்கள். அவன் படத்தில் மகன் குரல் வெளியே "அம்மா" என்று கூப்பிடுகிறது. தாழ்ப்பாளை நோக்கி நடக்கும் அம்மா ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறாள். மகன் உள்ளே பாயில் தூங்குகிறான். அவ்வளவுதான் படம். எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் போன் டார்ச்சை அடித்துச் சுவரில் வெளிச்சத்தை நெளியவிட்டார்கள். கதவுப் பலகையோடு இன்னொரு போனை ஒட்டிவைத்துத் தாழ்ப்பாளின் கிறீச்சொலியைப் பதிவு செய்தார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புல்லரிப்பு இன்று மகிழ்ச்சியின் பக்கம் போய்விட்டது. திகில் நல்ல சொல். பத்திரிகையிலும் பேச்சிலும் ஊறிப்போனது. கன்னடத்திலும் அது 'திகிலு' என்றே இருப்பதால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. வகையைக் குறிக்கத் திகில் படம் போதும்.

ஆனால் இதைவிட ஆழமான சொல் நம்மிடம் இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு உணர்வுகளுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைக்கிறது. மெய் என்றால் உடல். உடலில் தோன்றுவதுதான் உணர்வு என்ற அந்தப் பார்வையும் லத்தீன் வேரும் ஒரே இடத்தில் நிற்கின்றன. எட்டில் ஒன்று அச்சம். அது எதனால் வரும் என்பதற்கு நான்கு காரணங்கள்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன் போன்ற தலைவர்). முதலில் நிற்பது அணங்கு. வருத்தும் தெய்வ ஆற்றல் அது. அழகும் அதில் உண்டு. எதிரே நிற்கும் பெண்ணைப் பார்த்து "அணங்குகொல்" என்றுதான் குறள் மயங்குகிறது. ஈர்த்துக்கொண்டே நடுங்கவைப்பது எதுவோ அது அணங்கு. நல்ல திகில் படம் செய்வதும் அதுதானே?

ஹாரருக்குப் பக்கத்து வகையான ஃபேன்டஸிக்கும் இதே கேள்விதான். அதற்குக் கிரேக்க வேரில் கண்முன் தோன்றச் செய்தல் என்று பொருள். இயக்குநர் விட்டலாச்சார்யா காலத்திலிருந்து திரையில் அது மாயாஜாலப் படம். இலக்கியத்தில் மிகுபுனைவு என்கிறார்கள். எனக்குத் தொல்காப்பியத்தின் எட்டில் இன்னொன்றான மருட்கை, அதாவது வியப்புதான் பிடித்திருக்கிறது. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்று அதற்கும் நான்கு காரணங்கள் உண்டு. பெரிதாக மட்டுமல்ல, மிகச் சிறிதாக இருப்பதும் வியக்கவைக்கும் என்று கண்டிருக்கிறார்கள்.

தம்பி தன் படத்துக்கு 'அணங்கு' என்று பெயர் வைத்தான். அம்மாவுக்கும் போட்டுக் காட்டினான். மறுநாள் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அவன் கதவைத் தட்டியபோது, அம்மா உள்ளறைப் பாயை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் தாழ்ப்பாளை எடுத்தாராம்.