"மிஸ், காக்கா எச்சம் நகருது!"

எங்கள் பள்ளியின் பின்பக்கக் கைகழுவும் இடத்தில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. போன வருடம் ஒரு காலையில் அங்கே கை கழுவப் போன நாலு வயதுக் குழந்தை ஓடி வந்து சொன்ன வாக்கியம்தான் தலைப்பு.

போய்ப் பார்த்தேன். இலை மேல் கறுப்பும் வெள்ளையுமாக ஈரப் பளபளப்போடு ஒன்று. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை இலைகளில் முட்டையிடும் வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சின்ன வயதில் பார்க்க எச்சம் போலவே இருப்பதால் பறவைகள் கொத்தாமல் விட்டுவிடும். இதையெல்லாம் சொல்ல வாய் வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் குழந்தை "ஓ" என்று கேட்டுவிட்டு ஊஞ்சலுக்குப் போயிருக்கும். அதனால், "எச்சம் எப்படிடா நகரும்?" என்று திருப்பிக் கேட்டேன்.

அதற்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். காற்று தள்ளுகிறது என்றான் ஒருவன். அடியில் எறும்பு இருக்கிறது, அதுதான் தூக்கிக்கொண்டு போகிறது என்றாள் இன்னொருத்தி. இரண்டுமே நல்ல யோசனைகள். இலையை ஊதிப் பார்த்தார்கள், புரட்டிப் பார்த்தார்கள். மறுநாள் இலையின் ஓரம் காணாமல் போயிருந்தது. "அது சாப்பிடுது மிஸ்!" என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள்.

அப்புறம் அந்தக் கிளையை வெட்டித் தண்ணீர் பாட்டிலில் வைத்துக் கொசுவலைத் துணியால் மூடினோம். பக்கத்தில் வெள்ளைத் தாளும் பென்சிலும். புழு பச்சையாக மாறிய வாரம் எல்லோரையும் வரையச் சொன்னேன். வந்த படங்களில் ஒரு நீளக் கோடு, இரண்டு கண், சிரிக்கிற வாய். கார்ட்டூனில் பார்த்த புழு. நான் திருத்தவில்லை. "கால் எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு வந்து இன்னொன்னு போடலாமா?" என்றேன். இரண்டாவது படத்தில் முன்னால் 3 ஜோடி கூர்மையான கால், பின்னால் 5 ஜோடி குண்டுக் கால். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நீளும் ஆரஞ்சுக் கொம்பையும் ஒருத்தி போட்டிருந்தாள். அதன் வாடையை எப்படி வரைவது என்று கேட்டாள்!

சிறு குழந்தைக்கு ஓவியம் என்பது பார்ப்பதற்கான வழி. அச்சடித்த வண்ணத்துப்பூச்சிக்குள் கோடு தாண்டாமல் வண்ணம் அடிக்கும்போது அந்தப் பார்வை நடப்பதே இல்லை.

"இன்னும் ஏ, பி, சி எழுத ஆரம்பிக்கலையா மிஸ்?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக உறுதியாகப் பல ஆண்டுகள் ஆகும். களிமண் பிசைவதும் இலை ஒட்டுவதும் கிறுக்குவதும் அந்தக் கையை எழுத்துக்குத் தயார்ப்படுத்தும் வேலைகள். 2022இல் வந்த அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரை விளையாட்டு வழிக் கற்றலையே வலியுறுத்துகிறது. இது நமக்குப் புதிதும் இல்லை. 1939இல் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது குழந்தைகளைச் செடிகொடிகளோடும் பூச்சிகளோடும் பழகவிட்டுத்தான் கற்பித்தார்.

வீட்டில் செய்ய ஒன்று சொல்கிறேன். சங்குப்பூவை வெந்நீரில் போட்டு நீல நிறம் இறங்கியதும் ஆறவிட்டுக் கொடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பச்சை என்றார்கள், நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சைதானே! வந்தது ஊதா. ஆப்பச் சோடா போட்டதும் பச்சைப் பக்கம் திரும்பியது. அந்தத் தண்ணீரிலேயே பிரஷ்ஷைத் தோய்த்து வரையலாம். கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது, அரளி, ஊமத்தை பக்கம் போகக் கூடாது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் புழு, இடுப்பில் ஒரு நூலைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகக் கிளையில் சாய்ந்து நின்றது. வெள்ளிக்கிழமை அதற்குள் சிறகின் நிறம் தெரிந்ததும், வெளியே வந்தால் பறந்து போகட்டும் என்று துணியை எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வெறும் கூடு மட்டும் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, பிள்ளைகள் பார்க்காமல் போய்விட்டதே என்று. கொம்பு வரைந்தவள் கூட்டின் ஓட்டையில் கண்ணை வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். "மிஸ், அவ்ளோ பெரிய புழு எங்க போச்சு?" என்றாள். பிறகு போய்த் தாளை எடுத்து வந்து கூட்டை வரைய உட்கார்ந்தாள்.