மைக்குக்கு 48 வோல்ட், மடிக்கணினியில் 5 வோல்ட்

அக்கா மகள் தேவாரப் போட்டிக்குக் குரல் பதிவு அனுப்ப வேண்டியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீடு பத்தாவது மாடி. இரவு பத்து மணிக்கு மேல் ரயில் சத்தத்தைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. கோயில் விழாக்களுக்கு ஒலியமைப்பு செய்யும் நண்பர் ஒருவர் நல்ல கண்டென்சர் மைக் ஒன்றை இரவல் தந்தார். அதற்கு ஒரு கேபிளை நான் வாங்கி வந்தேன். ஒரு முனையில் மைக்கில் மாட்டும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் செருகி, மறுமுனையில் யூஎஸ்பி. செருகியதும் மடிக்கணினி புதுக் கருவி வந்திருப்பதாகச் சொன்னது. பிள்ளை முழுப் பதிகத்தையும் பாடி முடித்தாள். பதிவைப் போட்டுப் பார்த்தால் மெல்லிய இரைச்சல்தான் கேட்கிறது, குரலே இல்லை.

நண்பரைக் கூப்பிட்டேன். "அந்தக் கேபிள்ல ஃபேண்டம், அதான் இந்த மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டு, வராது தம்பி. மேடையில கையில பிடிச்சுப் பாடுற மைக்குக்குத்தான் அது சரி" என்றார்.

"யூஎஸ்பியில கைப்பேசியே சார்ஜ் ஆகுதே அண்ணே, ஒரு மைக்குக்குக் கரண்டு பத்தாதா?"

"கரண்டு பத்தும். வோல்ட்டு பத்தாது."

அவர் சொன்னது முழு உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். யூஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை கொடுக்கும், அதாவது 2.5 வாட். ஸ்டூடியோ மைக் கேட்பது 48 வோல்ட். ஆனால் இழுக்கும் மின்னோட்டமோ, தர விதிப்படி அதிகபட்சமே 10 மில்லிஆம்பியர்தான். பெருக்கினால் 0.48 வாட். துளை தரக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்கள் அடுக்குமாடியிலும் இதே கதைதான். தெருக்குழாயில் தண்ணீருக்குக் குறைவில்லை, ஆனால் அது தானாகப் பத்தாவது மாடிக்கு ஏறாது. கீழே தொட்டியில் பிடித்து, பம்ப் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றுகிறார்கள்.

சரி, மைக்குக்கு எதற்கு அவ்வளவு உயரம்?

கண்டென்சர் என்றால் மின்தேக்கி. எதிரெதிரே இரண்டு தகடுகள், நடுவே சிறு இடைவெளி. 1916-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இ. சி. வென்டே இந்த வகை மைக்கை உருவாக்கினார். அன்று முதல் அடிப்படை மாறவில்லை. பின்தகடு அசையாது. முன்தகடாக இருப்பது மிருதங்கத் தோல் போல இழுத்துக் கட்டிய ஒரு சவ்வு. இன்றைய மைக்குகளில் அது தங்கம் பூசிய பிளாஸ்டிக் படலம், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். இந்த இரண்டுக்கும் இடையே மின்னூட்டத்தை ஏற்றி, அது எங்கும் ஓடிவிடாமல் அடைத்து வைக்கிறார்கள். குரல் வந்து மோதும்போது சவ்வு முன்னும் பின்னும் அசைகிறது, இடைவெளி மாறுகிறது. அடைபட்ட மின்னூட்டம் அப்படியே இருக்க இடைவெளி மட்டும் மாறினால், வோல்டேஜ் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் குரலின் படம்.

இதில் கவனிக்க வேண்டியது, படத்தின் அளவு ஏற்றி வைத்த வோல்டேஜைப் பொறுத்தது என்பதுதான். சவ்வு அந்த இடைவெளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் வோல்டேஜும் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும். 50 வோல்ட்டில் அது 50 மில்லிவோல்ட், 5 வோல்ட்டில் வெறும் 5. மைக்குக்குள் இருக்கும் பெருக்கியின் சொந்த இரைச்சலோ இரண்டு நிலையிலும் ஒன்றுதான். குரல் பத்தில் ஒன்றாகச் சுருங்கி இரைச்சல் அப்படியே நின்றால் யார் கேட்பார்கள்?

அந்தத் தகடுகளுக்கு 48 வோல்ட் வேண்டுமே தவிர மின்னோட்டம் அநேகமாக வேண்டவே வேண்டாம். ஒருமுறை ஏற்றினால் அப்படியே நிற்கும். மில்லிஆம்பியர் கணக்கில் இழுப்பது சவ்வுக்குப் பின்னால் இருக்கும் அந்தக் குட்டிப் பெருக்கிதான். தகடுகளின் மின்தேக்கம் சில பத்து பிக்கோஃபாரட்தான் என்பதால், அதை நேரே ஒரு நீளமான கேபிளில் மாட்டினால் குரல் கேபிளிலேயே கரைந்துவிடும். அதனால்தான் பெருக்கியை மைக்கின் உடம்புக்குள்ளேயே வைக்கிறார்கள்.

48 என்ற எண் இயற்பியலில் இருந்து வந்ததல்ல. 1966-இல் நோய்மான் நிறுவனம் நார்வே வானொலிக்கு மைக்குகள் செய்தபோது, அங்கே ஸ்டூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் லைன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. இருப்பதையே பயன்படுத்திக்கொண்டார்கள். இன்று உலகம் முழுக்க அதுவே நியதி.

ஃபேண்டம் என்ற பெயருக்குக் காரணம் உண்டு. குரலைக் கொண்டுவரும் அதே இரண்டு கம்பிகளில்தான் மின்சாரமும் போகிறது. ஆளுக்கொரு 6.8 கிலோஓம் தடை வழியாக இரண்டு கம்பிகளுக்கும் சமமாக 48 வோல்ட் கொடுத்து, கேபிளைச் சுற்றியுள்ள உறை வழியாகத் திரும்ப வாங்குகிறார்கள். குரல் இரண்டு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. மின்சாரமோ இரண்டிலும் ஒன்றுபோல இருப்பதால் வித்தியாசத்தில் தெரியாது. மேடை மைக்குக்குள் இருப்பது ஒரு காயில், அதாவது கம்பிச்சுருள்; அதற்கு இரு முனையிலும் ஒரே 48 வோல்ட் என்பதால் அதில் ஒன்றும் ஓடாது, அதற்கு இப்படி ஒன்று வந்ததே தெரியாது. இதை விளக்கியபோது அக்கா மகள் "அப்ப பேய்க் கரண்டா மாமா?" என்றாள். எங்கள் வீட்டில் இப்போது அதுதான் பெயர்.

இனி 5-ஐ 48 ஆக்கும் வேலை. மைக்கை மடிக்கணினியோடு இணைக்க, யூஎஸ்பியில் ஓடும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி உண்டு. அதற்குள் இதற்கென்று ஒரு சிறு சுற்று இருக்கிறது. முழுவதும் திறந்த குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஓர் அதிர்வு கேட்குமே, அந்தச் சமாச்சாரம்தான். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் உடனே நிற்க மறுத்து, தன் வேகத்தையெல்லாம் ஒரு நொடி அழுத்தமாக மாற்றிவிடுகிறது. மின்சாரத்தில் அந்த வேகத்தைத் தாங்குவது ஒரு காயில். ஒரு டிரான்சிஸ்டர் ஸ்விட்ச் மூடியிருக்கும்போது காயில் வழியாக மின்னோட்டம் ஏறிக்கொண்டே போகிறது. ஸ்விட்ச் திறந்ததும், நிற்க மறுக்கும் மின்னோட்டம் வோல்டேஜை எகிறவைத்து, ஒரு டையோடு வழியாகப் பாய்ந்து மேல்தொட்டியில் விழுகிறது. மேல்தொட்டி என்பது ஒரு மின்தேக்கி. டையோடு இருப்பதால் விழுந்தது திரும்பி வராது. இது விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை நடக்கிறது. 5-லிருந்து 48 என்பது பெரிய ஏற்றம், அதனால் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 90 சதவீத நேரம் ஸ்விட்ச் மூடியே இருந்து வேகம் சேர்க்க வேண்டும். சில பெட்டிகளில் பாதித் தூரம் இப்படி ஏற்றி, மீதியை மின்தேக்கிகளைப் படிக்கட்டுபோல அடுக்கி ஏற்றுவார்கள்.

ஏற்றும்போது கொஞ்சம் வீணாகும். 80 சதவீதம் தேறுவதாக வைத்தாலும், ஒரு மைக்கின் 10 மில்லிஆம்பியருக்காக யூஎஸ்பி பக்கம் 120 மில்லிஆம்பியர் போகும். இரண்டு மைக் என்றால் 240. பெட்டியின் மற்ற சில்லுகளுக்கும் சேர்த்து 500-க்குள் அடங்கிவிடும். ஆனால் தனி சார்ஜர் இல்லாத யூஎஸ்பி ஹப்பில் மாட்டினால் விதிப்படி ஒரு துளைக்கு 100 மில்லிஆம்பியர்தான். பெட்டியை நேரே மடிக்கணினியில் செருகச் சொல்வது அதனால்தான்.

உண்மையில் தலைவலி வோல்டேஜ் ஏற்றுவதில் இல்லை, அதைச் சுத்தமாக ஏற்றுவதில் இருக்கிறது. சாதாரணப் பேச்சுக்கு மைக் தருவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட். அதை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருக்கும்போது உள்ளே என்ன அழுக்கு இருந்தாலும் சேர்ந்து பெருகும். ஸ்விட்சின் துடிப்பு காதுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால் வடிகட்டுவது சுலபம். யூஎஸ்பி அப்படியில்லை. அது தரவை மில்லிவிநாடிக்கு ஒரு கட்டாக அனுப்புகிறது, வேகமான வகை அதை எட்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கட்டுக்கும் மின்னோட்டம் லேசாகத் துள்ளும். அந்தத் துள்ளல் 1,000 அல்லது 8,000 ஹெர்ட்ஸில் கீச்சென்று பதிவில் ஏறிக்கொள்ளும். மலிவான பெட்டிகளில் கேட்கும் கொசுச் சத்தம் பெரும்பாலும் இதுதான். வடிகட்டியில் மிச்சம் பிடித்த பெட்டி என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

'ங்ம்ம்' என்ற இரைச்சல் வேறு. கோயில் மண்டபத்தில் மடிக்கணினியை அங்கிருந்த ஆம்ப்ளிஃபயரில் கொடுத்தபோது எனக்கு அது வந்தது. மடிக்கணினியின் சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் இன்னொரு பிளக்கில். இரண்டு வழியாகவும் பூமிக்கு இணைப்பு இருந்ததால் நடுவில் ஒரு வளையம் உண்டாகி, நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதில் சுற்றியது. சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை பேட்டரி தாங்கும்.

தனி யூஎஸ்பி மைக் வாங்கினால் இந்தச் சிக்கல்களில் பாதி இல்லை. அவற்றில் பலவற்றுக்கு 48 வோல்ட்டே தேவையில்லை. 1962-இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில் மின்னூட்டத்தை நிரந்தரமாகப் பதித்துவைக்கும் வழியைக் கண்டார்கள். அதுதான் எலக்ட்ரெட். தகடுகளுக்கான உயரம் பிறவியிலேயே உள்ளே இருக்கிறது, பெருக்கிக்கு மட்டும் சில வோல்ட் கொடுத்தால் போதும். நம் கைப்பேசிகளில் நெடுங்காலம் இருந்ததும் இந்த வகைதான்.

நான் கடைசியில் ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டிதான் வாங்கினேன். ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டு 48 பொத்தானை அழுத்தி, பத்து விநாடி பொறுத்து, அப்புறம் ஒலியைக் கூட்ட வேண்டும் என்று நண்பர் சொல்லிக்கொடுத்தார். உள்ளே மின்தேக்கிகள் நிரம்பும்வரை 'டப்' என்று அடிக்கும்.

அவர் சொன்ன இன்னொன்றை நான் மறந்துபோனேன். ஒரு மழை மாலையில், ஏசி போட்ட காரிலிருந்து மைக்கை நேரே மண்டபத்துக்கு எடுத்துப்போய் மாட்டினேன். படபடவென்று பொரி பொரிவதுபோலச் சத்தம். தகடுகளில் அடைத்த மின்னூட்டம் தப்பாமல் இருக்க, சுற்றியுள்ள தடை ஆயிரம் மெகாஓம் அளவில் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்த மைக்கில் கோலாலம்பூர் ஈரக்காற்று பட்டு வியர்த்தால், அந்த ஈரமே மின்னூட்டத்துக்கு வழி விட்டுவிடும். அரை மணி நேரம் சும்மா வைத்திருந்தோம், தானாகச் சரியானது. இப்போது மைக் பெட்டிக்குள் வைட்டமின் புட்டிகளிலிருந்து எடுத்த சிலிக்கா பொட்டலங்கள் ஐந்தாறு கிடக்கின்றன. இரவல் மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.