கிராஃபைட்டாக்கம்: ஆக்குதலும் ஆதலும்

லித்தியம் அயனி மின்கலத்தின் எதிர்மின்முனைக்குக் கரி எவ்வாறு தயாராகிறது என்று படிக்கப் புகுவோர் விரைவிலேயே எதிர்கொள்ளும் சொல் கிராஃபைட்டாக்கம். தாறுமாறாகக் கிடக்கும் கரிம அணுத்தளங்களை, காற்றுப் புகாத உலையில் ஏறத்தாழ 2,500 முதல் 3,000 செல்சியஸ் வரை சூடேற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்குற அடுக்கி, கரியைக் கிராஃபைட்டாக மாற்றும் செயல்முறையை அது குறிக்கிறது.

கிராஃபைட் என்ற பெயரை ஜெர்மானியக் கனிமவியலாளர் ஆபிரகாம் வெர்னர் 1789இல், எழுதுதலைக் குறிக்கும் கிரேக்க வினையிலிருந்து அமைத்தார். அதற்கு முன் ஆங்கிலேயர் அதைக் கருப்பு ஈயம் என்றே அழைத்தனர். அது ஈயமன்று, கரிமமே என்று சுவீடன் வேதியியலாளர் ஷீலே 1779இல் காட்டிய பின்னும் அவ்வழக்கு எளிதில் ஒழியவில்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் காரீயம் என்ற சொல்லிலும் அதே மயக்கம் உண்டு. ஈய அமில மின்கலமும் புழக்கத்தில் இருப்பதால், மின்கலம் பற்றிய எழுத்தில் காரீயத்தை விலக்கி, வெர்னரின் கருத்தோடு பொருந்தும் எழுதுகரி என்பதைக் கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

இனி, கிராஃபைட்டாக்கம் என்ற சொல்லின் ஈற்றுப் பகுதி. ஆக்கம் என்பது பிறவினை, ஆதல் என்பது தன்வினை; இந்த வேறுபாடு இத்துறைக்கு மிகவும் வேண்டியது. ஆங்கில வேதியியலாளர் ரோசலிண்ட் பிராங்க்ளின் 1951இல் வெளியிட்ட ஆய்வு, உலையின் வெப்பம் மட்டும் போதாது, மூலப்பொருளும் இசைய வேண்டும் என்பதைத் தெளிவாக்கியது. பெட்ரோலியக் கீல் கரியாகும் வழியில் உருகி நீர்மமாவதால் தளங்கள் திரும்பி அணிவகுக்க இடம் கிடைக்கிறது. சர்க்கரையிலிருந்து வரும் கரியிலோ தளங்களை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்புகள் முன்னதாகவே இறுகிவிடுவதால், 3,000 செல்சியஸிலும் அது எழுதுகரி ஆவதில்லை. முன்னதை மென்கரி என்றும் பின்னதை வன்கரி என்றும் சொல்லலாம்.

ஆகவே உலையில் நாம் செய்வதை எழுதுகரியாக்கம் என்றும், பொருளுக்குள் நிகழ்வதை எழுதுகரியாதல் என்றும் பிரித்தே எழுத வேண்டும். முழுமையாக ஆன எழுதுகரியில் தள இடைவெளி சுமார் 0.335 நானோமீட்டர், ஆறு கரிம அணுவுக்கு ஒரு லித்தியம் என்ற கணக்கில் கிராமுக்கு 372 மில்லிஆம்பியர் மணி மின்னூட்டம் கொள்ளும். ஆதல் அரைகுறையாக நின்ற மென்கரியில், பிசகிய தளங்களுக்கிடையே லித்தியம் எளிதில் நுழையாததால் அந்த அளவு குறைகிறது. வன்கரிக்கு நெறியே வேறு: அதன் நுண்துளைகளிலும் லித்தியம் தங்குவதால் 1,000 செல்சியஸை ஒட்டிய வெப்பமே ஏற்றது, அதற்கு வெகுவாக மேலே போனால் கொள்ளளவு சரிகிறது.