கைதானவருக்கு நடக்கும் 'மெடிக்கல்': கேட்டு வாங்க வேண்டிய நகல்

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் ஒரு பையனை போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள், அப்புறம் வக்கீலைத் தேடுவார்கள். ரிமாண்டுக்கு முன்னால் அரசு மருத்துவமனையில் 'மெடிக்கல்' என்று ஒன்று நடக்குமே, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அடித்திருந்தால் அதற்கு முதல் சாட்சி அங்கே எழுதப்படும் காகிதம்தான்.

இதைச் சொல்வது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 53ஆவது பிரிவு. யாரைக் கைது செய்தாலும் உடனே அரசு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அவர் இல்லையென்றால் பதிவு பெற்ற வேறு மருத்துவர். பெண் என்றால் பெண் மருத்துவர், அல்லது அவர் மேற்பார்வையில். உடம்பில் என்ன காயம், அது ஏறக்குறைய எப்போது ஏற்பட்டிருக்கும் என்று இரண்டையும் டாக்டர் எழுத வேண்டும். அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுத்தே ஆக வேண்டும். கைதாகும்போதே "எங்க அம்மாகிட்ட கொடுங்க" என்று ஒரு பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

நேரத்தை எழுதச் சொல்வது சும்மா இல்லை. மாவுக்கட்டோடு நிற்கும் பையனைக் காட்டி 'ஓடும்போது வழுக்கி விழுந்தான்' என்று சொல்வதை நம் ஊரில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! காயம் கைதுக்கு முன்னாலா பின்னாலா என்று டாக்டர் எழுதிவிட்டால் அந்தக் கதை நிற்காது. ஊமைக்காயம் வெளியே தெரியாது, அதனால் எங்கே வலிக்கிறது, எதைக்கொண்டு அடித்தார்கள் என்று கைதானவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். பேசும்போது போலீஸ் காதில் விழாத தூரத்தில் நிற்க வேண்டும் என்கிறது சித்திரவதைக் காயங்களை எப்படிப் பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை. டாக்டரிடம் தயங்காமல் அதைக் கேளுங்கள்.

டாக்டரின் கடமை போர்க்களத்திலும் இதேதான். போர்க் கைதியைச் சித்திரவதை செய்து தகவல் வாங்கக் கூடாது என்கிறது 1949 ஜெனீவா ஒப்பந்தம். சித்திரவதையில் மருத்துவர் பங்கெடுக்கவோ கண்டும் காணாமல் இருக்கவோ கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975இல் டோக்கியோவில் அறிவித்தது. அப்படியும் ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறையில் கொடுமையைப் பார்த்த ராணுவ மருத்துவப் பணியாளர்கள் சிலர் மேலே சொல்லாமல் விட்டதை அமெரிக்க ராணுவத்தின் விசாரணையே பதிவு செய்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2020இல் சாத்தான்குளத்தில் போலீஸ் காவலில் அடிபட்ட தந்தை, மகன் இருவரையும் சிறைக்கு அனுப்பலாம் என்று அரசு மருத்துவமனையில் சான்று கொடுத்தார்கள், சில நாட்களுக்குள் இருவருமே இறந்துபோனார்கள். டாக்டர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து எழுதியிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

காவல் நீடித்தால் 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று காவல் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜார்ஜ் டவுன் கோர்ட்டில் நிறுத்தும்போது மாஜிஸ்திரேட், அடித்தார்களா என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும் சொல்லலாம், அதைப் பதியச் சொல்லலாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்றால் 15100க்கு போன் செய்யுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. புழலில் உள்ளே எடுக்கும்போதும் சிறை டாக்டர் பார்ப்பார், முதல் சீட்டில் விட்டுப்போன காயம் இருந்தால் அங்கே காட்டி எழுத வைக்கலாம்.