மூடிய பாட்டிலுக்குள் கேஸ் எப்படி வருகிறது? வீட்டு பீரும் 120 கிராம் சர்க்கரையும்

வீட்டில் காய்ச்சிய பீரை, நொதித்து முடிந்ததும் வாளியிலிருந்து ஒரு டம்ளரில் பிடித்துக் குடித்துப் பாருங்கள். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வாசனை இருக்கும், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இருக்கும், ஆல்கஹாலும் இருக்கும், ஆனாலும் சப்பென்றுதான் இருக்கும். நாக்கில் சுருக்கென்று ஏறும் அந்த கேஸ் இன்னும் வரவில்லை. அதை வரவழைக்கத்தான் பாட்டிலில் அடைப்பதற்கு முன் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கிறார்கள். ப்ரைமிங் என்று இதற்குப் பெயர். இங்கிலாந்தில் வீட்டில் பீர் செய்பவர்களைக் கேட்டால், 23 லிட்டர் வாளிக்கு 120 கிராம் அளவில் ஒரு எண்ணைச் சொல்வார்கள். பலர் அதை சாம்பாருக்கு உப்பு போடுகிற மாதிரி, கூடக்குறைய இருந்தால் ஒன்றும் ஆகாது என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அந்த 120 ஒரு கணக்கின் விடை. கணக்கில் ஒரு வரி மாறினாலும் விடை மாறும், ரொம்ப மாறினால் கண்ணாடி வெடிக்கும்.

முதலில் அடிப்படை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியேற்றுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு ஆல்கஹால், இரண்டு கரியமில வாயு. எடையாகப் பார்த்தால் ஒரு கிராம் சர்க்கரைக்கு ஏறக்குறைய அரை கிராம் வாயு கிடைக்கும், இந்த ஒரு எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான். 4 சதவீத ஆல்கஹால் உள்ள பீரை 23 லிட்டர் செய்யும்போது ஈஸ்ட் சுமார் 700 கிராம் வாயுவை உண்டாக்குகிறது. ஆனால் வாளியில் அழுத்தம் ஏறாதபடி மூடியில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பு) வைத்திருக்கிறோம் அல்லவா, அதன் வழியாக அநேகமாக எல்லாமே வெளியே போய்விடும். கடைசியில் எல்லா பாட்டிலுக்கும் சேர்த்து நமக்குப் புதிதாக வேண்டியது 60 கிராம்தான்.

அப்படியானால் நொதித்தல் முடிவதற்குக் கொஞ்சம் முன்பே பாட்டிலில் அடைத்துவிட்டால் என்ன? செய்யலாம், ஆனால் அந்தச் சரியான நேரத்தைப் பிடிப்பது மிகக் கடினம் (ஏன் என்று கீழே வருகிறேன்). அதனால் முதலில் நொதித்தலை முழுதாக முடியவிட்டு, பீரில் தின்பதற்கு எதுவும் மிச்சமில்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு நாமே எடை போட்ட சர்க்கரையைக் கொடுத்து மூடியை அழுத்திவிடுகிறோம். பீர் தெளிந்து பளிச்சென்று தெரிந்தாலும் அதில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் ஈஸ்ட் செல்கள் மிதந்துகொண்டுதான் இருக்கும், அவை இந்த வேலைக்குத் தாராளம். கோலி சோடாவில் சிலிண்டரிலிருந்து வாயுவை அழுத்தி ஏற்றுகிறார்கள், இங்கே அந்தச் சிலிண்டரின் வேலையை பாட்டிலுக்குள் இருக்கும் ஈஸ்ட்டே செய்கிறது.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1662லேயே கிறிஸ்டோபர் மெரெட் என்ற ஆங்கில மருத்துவர், ஒயின் வியாபாரிகள் பீப்பாயில் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்து ஒயினைச் சுறுசுறுப்பாக, பொங்குவதாக ஆக்குகிறார்கள் என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். நூறு வருடம் கழித்து லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜோசப் ப்ரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கலந்து பார்த்தார், சோடாத் தண்ணீரின் கதை அங்கேதான் சூடுபிடிக்கிறது. 1803ல் மான்செஸ்டர்காரர் வில்லியம் ஹென்றி இதற்கெல்லாம் அடியில் இருக்கும் விதியைச் சொன்னார்: ஒரு திரவத்தில் எவ்வளவு வாயு கரையும் என்பது அதன் மேல் அந்த வாயு கொடுக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. அழுத்தம் இரண்டு மடங்கானால் கரைவதும் இரண்டு மடங்கு. இதோடு வெப்பநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், திரவம் குளிர்ந்தால் அதிகம் கரையும், சூடானால் குறைவாகக் கரையும்.

இப்போது கணக்கு. பீர்காரர்கள் வாயுவை வால்யூம் என்று அளக்கிறார்கள். ஒரு லிட்டர் பீரில் கரைந்திருக்கும் வாயுவை வெளியே எடுத்தால் (0 டிகிரியில், சாதாரணக் காற்றழுத்தத்தில்) அதுவும் ஒரு லிட்டர் இடத்தை அடைத்தால் அது ஒரு வால்யூம், எடையில் ஏறக்குறைய 2 கிராம். பிரிட்டிஷ் ஏல் என்றால் 2 வால்யூமை ஒட்டி, ஜெர்மன் கோதுமை பீர் என்றால் மூன்றரை, நான்கு வரைகூடப் போகும். நாம் 2.2 எடுத்துக்கொள்வோம். அதாவது லிட்டருக்கு 4.3 கிராம்.

ஆனால் இந்த 4.3 கிராமும் சர்க்கரையிலிருந்து வரவேண்டியதில்லை. ஏர்லாக் வழியாக எவ்வளவு போனாலும் 20 டிகிரியில் நொதித்த பீரில் 0.86 வால்யூம், அதாவது லிட்டருக்கு 1.7 கிராம் வாயு ஏற்கெனவே கரைந்து நிற்கும். மிச்சம் 2.6 கிராம். அதற்கு இரண்டு மடங்கு சர்க்கரை, லிட்டருக்கு 5.2 கிராம். 23 லிட்டருக்கு 120. ஒரு 500 மில்லி பாட்டிலுக்கு வெறும் 2.6 கிராம், ஒரு டீஸ்பூன்கூட நிரம்பாது.

ஏற்கெனவே இருக்கும் வாயுவைக் கணக்கிடும்போது ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பீரைத் தெளியவைக்க இரண்டு நாள் ஃபிரிட்ஜில் 2 டிகிரியில் வைக்கிறார்கள், பிறகு கணக்குப் போடும் செயலி 'பீரின் வெப்பநிலை என்ன?' என்று கேட்டால் 2 என்று கொடுக்கிறார்கள். அது தப்பு. நொதித்தல் ஓய்ந்த பிறகு பீர் தொட்ட அதிகபட்ச வெப்பநிலையைத்தான் கொடுக்க வேண்டும். 20 டிகிரியில் இருந்தபோது வெளியேறிய வாயு, பிறகு குளிரவைத்ததால் மட்டும் திரும்பி வந்துவிடாது. 2 என்று கொடுத்தால் செயலி, பீரில் நிறைய வாயு இருப்பதாக நம்பி சர்க்கரையைக் குறைத்துவிடும், குடிக்கும்போது பீர் சப்பையாக இருக்கும்.

சப்பையான பீரால் ஆபத்து இல்லை. ஆபத்து இருப்பது கணக்கின் மூன்றாவது வரியில், அதாவது நாம் போடாத சர்க்கரையில். மாவுச்சத்திலிருந்து வந்த சர்க்கரை பீரில் இன்னும் தின்னப்படாமல் இருந்தால் ஈஸ்ட் அதையும் பாட்டிலுக்குள் தின்னும். இதை அளக்கும் கருவி ஹைட்ரோமீட்டர், திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கண்ணாடி மிதவை. தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கரைந்திருந்தால் எண் ஏறும், 0.001 கூடினால் அது ஒரு புள்ளி. 1.040ல் தொடங்கி 1.010ல் முடியவேண்டிய பீர் என்று வையுங்கள். குளிரால் ஈஸ்ட் சோர்ந்துபோய் 1.014லேயே நின்றுவிட்டது, ஏர்லாக்கில் குமிழ் வரவில்லை, சரி முடிந்துவிட்டது என்று நீங்கள் அடைத்துவிடுகிறீர்கள். அந்த நான்கு புள்ளி அற்பமாகத் தெரியலாம். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் அரை வால்யூம் வாயு. நான்கு புள்ளிக்கு 2 வால்யூம். நீங்கள் திட்டமிட்ட 2.2 இப்போது 4.2 ஆகிவிட்டது. கோதுமை பீருக்குச் செய்த கனமான பாட்டில் இதைத் தாங்கலாம், சாதாரண மெல்லிய பாட்டிலை நம்ப முடியாது. நொதித்தல் முடிவதற்கு முன்பே அடைக்கும் நேரத்தைப் பிடிப்பது கடினம் என்றேனே, அதற்குக் காரணமும் இதே புள்ளிகள்தான்.

அழுத்தமாகச் சொன்னால், 2.2 வால்யூம் பீர் 20 டிகிரியில் காற்றழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய 1.5 பார் கொடுக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம்), ஃபிரிட்ஜில் 5 டிகிரிக்கு வந்தால் அது 0.6க்கு இறங்கிவிடும். 4.2 வால்யூம் ஆகிவிட்ட பீர் 20 டிகிரியில் 4 பாரை நெருங்கும், வெயில் காலத்தில் அறை 30 டிகிரியைத் தொட்டால் 5ஐத் தாண்டும். அதனால்தான் மாதக்கணக்கில் அமைதியாக இருந்த பாட்டில்கள் முதல் கோடையில் வெடிக்கின்றன.

ஆகவே ஏர்லாக்கின் குமிழை நம்பாதீர்கள், தேதியையும் நம்பாதீர்கள். ஹைட்ரோமீட்டர் அளவு இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மாறாமல் இருக்கிறதா, அது அந்த பீருக்கு எதிர்பார்த்த அளவுதானா, இரண்டையும் பாருங்கள். இதற்குப் பிறகும் ஒரு சங்கடம் உண்டு. டயஸ்டாட்டிகஸ் என்ற வகை ஈஸ்ட், சாதாரண ஈஸ்ட் தொடமுடியாத டெக்ஸ்ட்ரின்களையும் (நீளமான சர்க்கரைச் சங்கிலிகள்) நொதியால் உடைத்து மெல்ல மெல்லத் தின்னும், கருவிகள் சரியாகச் சுத்தம் செய்யப்படாமல் அது பாட்டிலுக்குள் புகுந்தால் வாரக்கணக்கில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுத்தம் பற்றி எல்லோரும் ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு ருசி ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

எந்தச் சர்க்கரை என்று நிறைய விவாதம் நடக்கிறது. சாதாரண வெள்ளைச் சர்க்கரையே போதும். ஈஸ்ட் அதைத் தன் செல் சுவரிலேயே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று இரண்டாகப் பிளந்துவிடும், இந்தச் சிறிய அளவில் ருசி வித்தியாசமும் தெரியாது. கடையில் விற்கும் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான்) பொடியில் கொஞ்சம் நீரும் சேர்ந்திருப்பதால் அதை மட்டும் பத்துப் பதினைந்து சதவீதம் கூடுதலாகப் போட வேண்டும். கப்பால் அளக்காதீர்கள், தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அந்தச் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் சில நிமிடம் கொதிக்கவைத்து, காலியான இன்னொரு வாளியில் முதலில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியாக அடியிலிருந்து சுழன்று நிரம்பும்படி விடுங்கள், கடைசியில் மெதுவாக ஒரு கலக்கு. பாகு சரியாகக் கலக்காவிட்டால் மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் சில பாட்டில் சப்பையாகவும் சில பாட்டில் பொங்குவதாகவும் இருக்கும். சளசளவென்று ஊற்றவும் கூடாது, பீரில் ஆக்சிஜன் கலந்தால் நாளடைவில் நனைந்த அட்டை மாதிரி ஒரு வாடை வரும். மூடிக்குக் கீழே தங்கும் கொஞ்சம் ஆக்சிஜனை ஈஸ்ட் விழித்ததும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது இந்த முறையின் பெரிய நன்மை, சிலிண்டர் வாயுவால் இதைச் செய்ய முடியாது.

அப்புறம் 20 டிகிரியை ஒட்டிய இடத்தில் இரண்டு வாரம். இங்கிலாந்துக் குளிர்காலத்தில் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்குள் வைப்பார்கள், 12 டிகிரி கராஜில் வைத்துவிட்டு கேஸே வரவில்லை என்றால் அது சர்க்கரையின் குற்றமில்லை. நிரப்பும்போது ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன், தினமும் அதை அமுக்கிப் பார்த்தால் அழுத்தம் ஏறுவது விரலிலேயே தெரியும்.

நாக்கில் ஏறும் அந்தச் சுருக், குமிழ் உடைவதால் வருவதில்லை என்பது எனக்கு மிகப் பிடித்த செய்தி. வாயு நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகி, வலியுணரும் நரம்புகளையும் புளிப்பை உணரும் செல்களையும் தூண்டுகிறது. குமிழே எழாதபடி அழுத்தம் கூட்டிய அறைக்குள் சோடா குடிக்கவைத்துப் பார்த்தபோதும் அதே சுருக் இருந்தது.

பிரிட்டனில் 1963 வரை வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் வேண்டியிருந்தது, அந்த வருட பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை நீக்கினார், விற்கக் கூடாது என்ற விதி மட்டும் இன்றும் உண்டு. தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், செய்து பார்க்க நினைப்பவர்கள் தாங்கள் வசிக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில் கல் மாதிரி இறுகிவிட்டது, அல்லது ஒரு பாட்டில் ஏற்கெனவே வெடித்துவிட்டது என்றால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கனமான கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டில்கள் மேல் தடித்த போர்வையைப் போடுங்கள். குலுக்காமல் முடிந்தவரை குளிரவையுங்கள், குளிர்ந்தால் வாயு கரைந்து அழுத்தம் இறங்கும். நன்றாகக் குளிர்ந்த பிறகு துண்டால் சுற்றி ஒவ்வொரு மூடியாக லேசாக நெம்பி வாயுவை வெளியேற்றுங்கள். அந்த பீரைக் காப்பாற்றவேண்டும் என்று நினைக்காதீர்கள், சாக்கடையில் ஊற்றிவிட்டு, ஹைட்ரோமீட்டர் கடைசியாகக் காட்டிய எண்ணைக் குறிப்பேட்டில் தேடிப் பாருங்கள்.