‘விலங்கியல் நோய்’ என்று ஒன்று உண்டா?

கால்நடையிலிருந்தோ காட்டுவிலங்கிலிருந்தோ மனிதருக்குத் தொற்றும் நோயை ‘சூனோசிஸ்’ என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘சூன்’ விலங்கு, ‘நோசோஸ்’ நோய். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். வேர்க்கதை இவ்வளவுதான்.

தமிழில் இதை ‘விலங்கியல் நோய்’ என்று எழுதுகிறார்கள். பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. விலங்கியல் என்பது விலங்குகளைப் பற்றிய படிப்பு. படிப்புக்கு நோய் வருமா? ‘இயல்’ ஒட்டினால் அறிவியல் வாடை வந்துவிடும் என்ற நினைப்பு. இப்படித்தான் பெற்ற தாய் ‘உயிரியல் தாய்’ ஆனாள், மனநோய் ‘உளவியல் நோய்’ ஆனது. மொழிபெயர்ப்பவர் அகராதியில் பாதிச் சொல்லைத் தேடுகிறார், அகப்பட்ட பாடப்பெயரை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்.

சிலர் ‘விலங்கு நோய்’ என்று சுருக்குகிறார்கள். இயல் ஒழிந்தது, சரி, குழப்பம் ஒழியவில்லை. மாட்டு வெக்கையும் (ஆங்கிலத்தில் ‘ரிண்டர்பெஸ்ட்’) விலங்கு நோய்தான். ஆனால் அது மனிதரைத் தொற்றுவதில்லை. அப்படியும், 1880களின் கடைசியில் எத்தியோப்பியாவில் மாடுகளை வாரிக்கொண்டு போய், உழ எருதில்லாமல் பெரும் பஞ்சத்துக்கு வழிவிட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி புல்வெளியில் வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான் மந்தைகளும் இதே நோயால் குறைந்தன. மேயப்படாத புல் மண்டிக் காட்டுத்தீ பெருகியது. 2011இல்தான் அந்நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஓர் ஆளையும் தொற்றாமல் ஊரையும் காட்டையும் புரட்டிப்போட்ட இதற்குக் ‘கால்நடைக் கொள்ளைநோய்’ என்ற பெயர் பொருந்தும்.

அடைப்பான் என்ற மாட்டு நோய் வேறு வகை. அது ஆளையும் பிடிக்கும். செத்த மாட்டை அறுத்தால் கிருமியின் நுண்வித்துகள் மண்ணில் விழுந்து பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும், பின்னால் அங்கே மேயும் மந்தைக்கும் வரும். மாட்டு வெக்கையையும் அடைப்பானையும் ஒரே பெயரில் போட்டால், எந்த மாட்டைத் தொடக் கையுறை வேண்டும் என்று படிப்பவருக்கு எப்படிப் புரியும்? இதில் இன்னொரு கொடுமை, ‘அடைப்பான்’ என்று சொன்னால் மாடு வளர்ப்பவருக்கு உடனே விளங்கும், செய்தியிலோ ‘ஆந்த்ராக்ஸ்’ என்றே வருகிறது.

என் தேர்வு ‘விலங்குவழித் தொற்று’. எங்கிருந்து வருகிறது, எப்படி வருகிறது, இரண்டும் அதில் இருக்கிறது. மனிதரிடமிருந்து மாட்டுக்கும் காசநோய் போகுமே, ‘வழி’ ஒரு பக்கத்தை மட்டும்தானே காட்டுகிறது என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 1959 வரையறையும் இரு பக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. இருக்கட்டும், அந்தத் திசைக்கு ‘மனிதர்வழித் தொற்று’ என்று தனியாகச் சொல்லிக்கொள்ளலாம்.